ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம், 19 கிலோவோடு நின்றுவிட்டது: எங்கே தவறுகிறது?

வெண்ணிலா_38

அனைவருக்கும் வணக்கம். வயது 38, உயரம் 158 செ.மீ. ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய இரைப்பையை வெட்டிக் குறுகலான குழாயாக்குவது) அன்று எடை 112 கிலோ, இன்று 93. முதல் மாதம் 8 கிலோ இறங்கியது. அடுத்து 5, அதற்கடுத்து மூன்றரை, பிறகு இரண்டேகால். கடைசி ஐந்து வாரத்தில் மொத்தமே 300 கிராம். அதே நாளில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர் (ஆண், 150 கிலோ இருந்தவர்) 30 கிலோ இறங்கிவிட்டார்.

சாப்பாடு: காலை 2 இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. 11 மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது, காபியும் நாலு மாரி பிஸ்கட்டும் எடுத்தால் அடங்குகிறது. மதியம் அரை கப் ரசம் சாதம் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி பொரியல், அரை கப் தயிர், கூடவே ஒரு டம்ளர் மோர். மாலை காபி, சில நாள் கைப்பிடி மிக்சர். இரவு ஒரு தோசை. முட்டை வாரத்துக்கு இரண்டு நாள். கறி, மீன் கிடையாது. புரோட்டீன் பவுடர் வாடையே குமட்டியது, மூன்றாம் மாதத்தோடு நிறுத்தியாயிற்று. வாந்தி, நெஞ்செரிச்சல் எதுவும் இல்லை.

மாத்திரை: எழுந்ததும் தைராக்சின் 75 மைக்ரோகிராம். காலை டிபனோடு கால்சியம், இரும்புச் சத்து சேர்ந்த மல்டிவிட்டமின், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின். இரவு ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி. முடி கொட்டுவதால் பயோட்டின் 10 மி.கி. தினமும் அரை மணி நேர நடை.

என் கேள்விகள்: இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா? இரண்டு வாரம் நீராகாரத்துக்கே திரும்பினால் இறங்குமா? ஒரு வேளையை நிறுத்திவிடலாமா? இரைப்பை பைபாஸ் ஆபரேஷனாக மாற்றினால்தான் உண்டு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

உணவுத்தட்டு

சகோதரி, முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். கிலோவை வைத்து ஒப்பிட்டால் மனசு நொந்துதான் போகும். 112ல் 19 என்பது 17 சதவீதம். நீங்கள் சொல்லும் அந்த ஆளுக்கு 150ல் 30, அதாவது 20 சதவீதம். கிலோவில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரித் தெரிவது சதவீதத்தில் வெறும் மூன்று. அதோடு ஆண்களுக்குத் தசை கூடுதல், ஆரம்ப வேகம் அவர்களுக்கு எப்போதும் சற்று அதிகம். ஸ்லீவில் ஆறாம் மாதம் முடியும்போது மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் குறைந்திருப்பது வழக்கம். நீங்கள் கீழ்வரிசையில் இருக்கிறீர்கள், கோட்டுக்கு வெளியே இல்லை.

'அதிக எடையில் எத்தனை சதவீதம் போயிற்று' என்றும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊரில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 23ஐ அளவாக வைத்தால் உங்கள் உயரத்துக்கு உரிய எடை 57 கிலோ சொச்சம். மேல்மிச்சம் 54½ கிலோ, அதில் 19 போனது 35 சதவீதம். வெளிநாட்டு அட்டவணைகள் பி.எம்.ஐ. 25ஐ வைத்துப் போடுகின்றன. அதன்படி இதே 19 கிலோ 38 சதவீதமாகிவிடும். எதை வைத்துப் போட்டது என்று தெரியாமல் எந்த அட்டவணையோடும் உங்களை ஒப்பிடாதீர்கள்.

முதல் மாதத்து 8 கிலோ முழுவதும் கொழுப்பு அல்ல. ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைகோஜன் (சர்க்கரைச் சேமிப்பு) முதலில் கரையும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கூடவே போகும். அதனால் வேகம் குறைந்தது இயல்பு. ஆனால் ஐந்தாம் மாதத்தில் ஐந்து வாரத்துக்கு 300 கிராம் என்பது இயல்பு என்று விட்டுவிடக் கூடியதும் இல்லை. காரணம் நீங்கள் எழுதிய சாப்பாட்டிலேயே இருக்கிறது.

ஒரு நாள் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். இட்லி இரண்டும் 4 கிராம், சாம்பார் இரண்டரை, இரண்டு காபியின் பால் 6, சாதம் 2, தயிர் மூன்றரை, பொரியல் ஒன்றரை, பிஸ்கட் ஒன்றரை, தோசை 3, சட்னி, மோர் எல்லாம் சேர்த்து ஒன்றோ இரண்டோ. மொத்தம் 25 பக்கம்தான். உங்களுக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம். புரதம் போதாதபோது உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. தசை போனால் சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் குறைகிறது. குறைவாகவே சாப்பிட்டும் எடை நகராததற்கு இது ஒரு முக்கியமான காரணம். முடி கொட்டுவதற்கும் இதில் பங்கு உண்டு.

அடுத்தது சாப்பாட்டின் பதம். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். ஸ்லீவ் என்பது ஒரு குறுகலான குழாய். மென்று தின்னும் கெட்டி உணவு அதில் தங்கி இறங்க நேரம் பிடிக்கும், வயிறு நிறைந்த உணர்வு அதிலிருந்துதான் வருகிறது. சாம்பாரில் ஊறிய இட்லியும் குழையப் பிசைந்த ரசம் சாதமும் ஏறத்தாழ கஞ்சி. தங்காமல் வழுக்கிப் போய்விடும். மேலே மோரும் குடித்தால் மிச்சம் இருப்பதையும் அது கழுவி இறக்கிவிடுகிறது. மிக்சரும் பிஸ்கட்டும் அப்படித்தான்: வாயில் கரகரப்பு, எச்சிலில் பட்டதும் கூழ். ஒரு கைப்பிடி மிக்சர், அதாவது 30 கிராம், 150 கலோரிக்குக் குறையாது. எத்தனை கைப்பிடி போனாலும் உங்கள் இரைப்பை தடுக்காது, ஏனென்றால் தடுக்கும்படி அங்கே எதுவும் தங்குவதில்லை.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: நீராகாரத்துக்குத் திரும்பவே வேண்டாம். இரைப்பையைச் 'சுருக்க' ஐந்து நாள் திரவம் என்று ஒரு முறை இணையத்தில் சுற்றுகிறது. திரவத்தால் இரைப்பை சுருங்காது. இறங்கும் இரண்டு கிலோவும் தண்ணீர், பழைய சாப்பாட்டுக்கு வந்ததும் திரும்பிவிடும். ஒரு வேளையை நிறுத்தினாலும் 25 கிராம் புரதம் 18 ஆகும், அவ்வளவுதான்.

மாற்றிப் பாருங்கள். காலை இட்லிக்குப் பதில் 40 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து ஒரு கெட்டி அடை. 10 கிராம் புரதம் வரும், மென்றுதான் தின்ன முடியும். பத்தரை மணிக்கு 50 கிராம் பனீர், தோசைக்கல்லில் அரை டீஸ்பூன் எண்ணெயில் புரட்டியது: 9 கிராம். மதியம் தட்டில் முதலில் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும், அது 13 கிராம். பிறகு காய். வயிற்றில் இடம் மிஞ்சினால் மட்டும் இரண்டு கரண்டி சாதம், பிசையாமல். மாலை துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் அரை கப்: 6, 7 கிராம். இரவு உலர்ந்த நிலையில் எடைபோட்ட 20 கிராம் சோயா உருண்டையை வேகவைத்துப் பிழிந்து மிளகுப் பொரியல், 10 கிராம். இதற்கே கிட்டத்தட்ட 50 வந்துவிட்டது. மீதிக்குப் பவுடர்.

பவுடர் வாடைக்கு ஒரு வழி சொல்கிறேன். சாக்லேட், வெனிலா வாசனை சேர்த்ததை விடுங்கள், அந்தத் தித்திப்புதான் குமட்டும். சுவை சேர்க்காத வே ஐசொலேட் (பாலிலிருந்து பிரித்த புரதப் பவுடர்) வாங்குங்கள். ஒரு ஸ்கூப்பை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்ட மோரில் ஊற்றி, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் மெதுவாகக் குடியுங்கள். கொதிக்கும் ரசத்தில் போட்டால் திரிந்துவிடும், கை பொறுக்கும் சூட்டில் கலந்தால் திரியாது. பால் வகையே ஒத்துக்கொள்ளாவிட்டால் பட்டாணிப் புரதம் கிடைக்கிறது.

எலக்ட்ரானிக் தராசு ஒன்று அடுப்படியில் இருக்கட்டும். 'ஒரு கரண்டி' என்பது வீட்டுக்கு வீடு மாறும். தாளிக்கும் எண்ணெயையும் ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள், ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி. தண்ணீர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே நிறுத்தி, முடித்து அரை மணி கழித்துத் தொடங்கி, நாள் முழுக்க ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்.

மருந்துப்பெட்டி

உணவுத்தட்டு அம்மா சாப்பாட்டைச் சொல்லிட்டாங்க. எனக்கு முதல்ல கண்ணில் பட்டது அந்த 11 மணி நடுக்கம். வெண்ணிலா மேடம், அதைப் பசின்னு எடுத்துக்காதீங்க.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு இட்லி சாப்பிட்ட உடம்புக்குப் போட்ட அளவு அது. இப்போ எடை 19 கிலோ குறைஞ்சிருக்கு, சாப்பாடும் பாதிக்குக் கீழே. மாத்திரை மட்டும் அதே 2 மி.கி. காலையில் போட்டது மூணு மணி நேரத்தில் சர்க்கரையைக் கீழே இழுக்குது, கை நடுங்குது, பிஸ்கட்டு உள்ளே போகுது. இனிப்புக் காபியும் நாலு மாரியும் சேர்ந்தா 200 கலோரிக்குப் பக்கம் வரும். தினமும் அது நடந்தா எடை எப்படிங்க இறங்கும்? கூடுதல் இன்சுலின் கொழுப்புக் கரையறதையும் தடுக்கும். இதுல உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. உடம்பு தன்னைக் காப்பாத்திக்கத்தான் பிஸ்கட்டைக் கேக்குது.

நடுக்கம் வந்த நிமிஷமே, பிஸ்கட்டுக்கு முன்னாடி, குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பாருங்க. 70க்குக் கீழே இருந்தா தாழ்சர்க்கரை. மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணீரில் கரைச்சு குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. அந்த எண்ணைக் குறிச்சுக்கிட்டு அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. பெரும்பாலும் கிளிமிபிரைடை நிறுத்துவாங்க இல்லேன்னா குறைப்பாங்க. மெட்ஃபார்மின் மட்டும் தனியா இருந்தா இப்படித் தாழ்த்தறது அபூர்வம்.

இரண்டாவது, தைராக்சின். எழுந்ததும் போடறீங்க, சரி. டிபனோட கால்சியமும் இரும்பும் போடறீங்க, அது சரியில்லை. இரண்டுமே குடலில் தைராக்சினைப் பிடிச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. தைராக்சினுக்கும் இவங்களுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். கால்சியமும் இரும்பும் கூட ஒண்ணுக்கொண்ணு பகை, இரண்டு மணி நேரம் தள்ளணும். காபி, டீ இரும்பை உறிஞ்ச விடாது.

ஒரு நாள் வரிசை இப்படி வைக்கலாம்: 5.30க்குத் தைராக்சின் வெறும் தண்ணீரில். 6.30க்கு மேல்தான் காபி. 11க்கு இரும்பு சேர்ந்த மல்டிவிட்டமின். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணிக்கு ஒரு கால்சியம், 5க்கு ஒண்ணு, இரவு 9க்கு ஒண்ணு. ஒரே நேரத்துல 500, 600 மி.கி.க்கு மேல் கால்சியம் உறிஞ்சப்படாது, அதனாலதான் பிரிக்கறோம். நாள் மொத்தம் 1200 முதல் 1500 வேணும். சிட்ரேட் வகையா பார்த்து வாங்குங்க, அமிலம் குறைஞ்ச இரைப்பையிலும் அது சேரும். அட்டையில் 'கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.'ன்னு இருந்தா அதுல நிஜக் கால்சியம் 210 மி.கி. பக்கம்தான். 'எலிமென்டல்'னு போட்டிருக்கிற எண்ணை மட்டும் கணக்கில் எடுங்க.

மூணாவது, அமிட்ரிப்டிலின். பசியைக் கூட்டி எடையை ஏத்தறதுல பேர் போன மருந்து. தலைவலியைத் தடுக்க எடை ஏத்தாத வேற மருந்துகள் இருக்கு, நரம்பு டாக்டரிடம் கேளுங்க. நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க, படிப்படியாத்தான் குறைக்கணும். தலைவலி வந்தா டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் பக்கம் போகாதீங்க, புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதும். இன்னொண்ணு, இருமல் சிரப், பசி மருந்துன்னு எதை வாங்கினாலும் சைப்ரோஹெப்டடின் இருக்கான்னு பாருங்க. அது பசியைக் கிளப்பவே கொடுக்கறது.

நடைவண்டி

பிசியோதெரபி பக்கத்திலிருந்து சுருக்கமாக. 112 கிலோவில் நடந்த அதே அரை மணி, அதே வேகம் 93 கிலோவில் குறைவான கலோரியைத்தான் செலவழிக்கும். சுமை குறைந்துவிட்டது அல்லவா? நடையை விட வேண்டாம், ஆனால் அது மட்டும் போதாது. தசைக்கு வேலை வேண்டும்.

சர்ஜன் ஒப்புதல் இருந்தால் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள், 10 தடவை, மூன்று சுற்று. எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், துளை போட்ட இடங்களுக்கு அது நல்லதல்ல. அடுத்து சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 10க்கு மூன்று. பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துத் தோள் வரை தூக்குவது. மூன்று சுற்றும் சிரமமில்லாமல் போனால் எண்ணிக்கையைக் கூட்டாமல் தூக்கும் எடையைக் கூட்டுங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினால் போதும், பயிற்சியை விட வேண்டியதில்லை.

தொடங்கிய முதல் இரண்டு வாரம் தராசு அரை கிலோ, முக்கால் கிலோ ஏறிக் காட்டலாம். வேலை செய்த தசையில் நீர் கோக்கும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். தினமும் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய் வந்ததும், அதே உடையில். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து எடையை முந்தைய மாதத்தின் அதே வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே இடுப்பு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சு விட்ட நிலையில் மாதம் ஒரு முறை. எடை அசையாத மாதத்தில் டேப் இரண்டு செ.மீ. குறைந்திருந்தால் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வெண்ணிலா_38

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துப்பெட்டி அண்ணா சொன்னபடி 11 மணிக்குக் குத்திப் பார்த்ததில் முதல் நாள் 62, மறுநாள் 66. டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மின் மட்டும் தொடரச் சொன்னார். ஒரு வாரமாக நடுக்கம் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அடையில் பாதிதான் இறங்குகிறது, நெஞ்சில் அடைக்கிற மாதிரி இருக்கிறது. இது கோளாறா? பைபாஸ் பற்றியும் சொல்லுங்கள்.

உணவுத்தட்டு

62 என்று படித்ததும் பதறியது. உடனே போன் செய்தது மிக நல்லது. இன்னும் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்துக் குறித்து வையுங்கள், மாத்திரை நின்ற பிறகு மேலே ஏறுகிறதா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அடை பாதியில் அடைப்பது கோளாறு அல்ல. உங்கள் ஸ்லீவ் இன்னும் சிறிதாகவே இருக்கிறது என்பதற்கு அடையாளம், விரிந்துவிட்டதோ என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அதுதான். பாதி போதும். மீதியைப் பத்தரைக்கு எடுங்கள். பெருவிரல் நக அளவுக்குப் பிய்த்து, 20 தடவை மென்று, விழுங்கியபின் ஒரு நிமிடம் விட்டு அடுத்த துண்டு. 20, 25 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் கொறிப்பதாகிவிடும். அடை காய்ந்து முறுகினால் அடைக்கும், மூடி போட்டு வேகவைத்தால் மெத்தென்று இருக்கும்.

ஆனால் தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி எடுத்தாலோ, படுத்தால் புளித்து மேலே வந்தாலோ அது வேறு விஷயம். குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டியிருக்கும். வாந்தி சில நாள் தொடர்ந்து, கூடவே நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் என்று வந்தால் தயமின் (விட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். இது மூளையைக் காப்பாற்றும் விஷயம், கூச்சப்படாதீர்கள்.

பைபாஸ் பேச்சு இப்போது வேண்டாம். ஸ்லீவில் எடை இறங்கும் காலமே 12 முதல் 18 மாதம், நீங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடந்திருக்கிறீர்கள். மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல் கூடியது. கடும் நெஞ்செரிச்சலுக்காகவோ, ஒன்றரை இரண்டு வருடம் கழித்தும் போதாமல் இருந்தாலோ, பேரியம் படமும் எண்டோஸ்கோப்பியும் எடுத்துப் பார்த்துத்தான் அதைப் பேசுவார்கள். அதற்கு முன் இடைவழியாகப் பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகும் சர்ஜன்கள் அவற்றைக் கொடுக்கிறார்கள். ஆனால் 25 கிராம் புரதத்தில் இருப்பவருக்கு அந்த ஊசி போட்டால் அந்த 25ம் உள்ளே போகாது. முதலில் புரதம் 60ஐத் தொட வேண்டும். எட்டு வாரம் இதையே பிடித்து நடத்துங்கள். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் அது இந்தக் கட்டத்துக்கு நல்ல வேகம்.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லையென்றால்: எடை குறையும்போது சினைமுட்டை வெளிவருவது சீராகி எதிர்பாராமல் கருத்தரிப்பது நடக்கும். ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் கூடாது. கருத்தடை பற்றி மகப்பேறு டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மருந்துப்பெட்டி

ஆறாம் மாத ரத்தப் பரிசோதனை வருதில்லையா, அதுக்கு ஒண்ணு. ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி, கால்சியத்தோட பி.டி.எச்., ஆல்புமின், எச்பிஏ1சி (மூணு மாத சர்க்கரை சராசரி), டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை) எல்லாம் கேளுங்க. மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும், ஸ்லீவும் குறைக்கும், உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கு, அதனால் அதை விட்டுடாதீங்க.

நீங்க போடற பயோட்டின் 10 மி.கி. பல லேப் மெஷின்களில் தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பும். டி.எஸ்.எச்.சை நிஜத்தைவிடக் குறைச்சுக் காட்டும், அதைப் பார்த்து மாத்திரை கூடிப்போச்சுன்னு நம்பி தைராக்சின் அளவைக் குறைச்சிட்டாங்கன்னா எடை இன்னும் சிக்கலாகும். ரத்தம் கொடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடி பயோட்டினை நிறுத்துங்க, மல்டிவிட்டமினில் எவ்வளவு பயோட்டின் இருக்குன்னு லேபில்ல பாருங்க. தைராக்சின் இடைவெளியை மாத்தின நாளில் இருந்து ஆறிலிருந்து எட்டு வாரம் கழிச்சுப் பார்த்தாத்தான் டி.எஸ்.எச். நிலைச்சிருக்கும். உங்க பரிசோதனை அதுக்கு முன்னாடியே வருதுன்னா டி.எஸ்.எச்.சை மட்டும் தள்ளி வையுங்க, மத்ததைக் கொடுத்திடலாம்.